மெர்சியின் குரலுக்காக அண்ணனூருக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறந்த நேரத்தைவிட, விமான நிலையத்திலிருந்து அண்ணனூர் வந்து சேர்ந்த நேரம் அதிகம். கடலைத் தாண்டியது தெரியவில்லை. அம்பத்தூரைத் தாண்டியதுதான் தெரிந்தது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு தண்ணீர் லாரி, நடுவில் எங்கள் கார். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தாலே ஊர் கூடிவிடும். இங்கே இத்தனை வாகனம் நிற்கிறது, ஒருவரும் இறங்கிப் பார்க்கவில்லை.

என்னை அழைக்க வந்திருந்தவர் ஆரோன், என் தங்கை மெர்சியின் கணவர். அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை செய்கிறார். நெரிசலில் நின்ற நேரத்தில் இறங்கிப் போய், தெருவோரக் கடையிலிருந்து காகிதக் கோப்பையில் தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு வாய்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கோப்பையில் பாதிக்குக்கூட வராது. ஆனால் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், தலைவலி போய்விட்டது.

"அவ எப்படி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"அவ நல்லாத்தான் கீறாக்கா. எனக்குத்தான் சோறு எறங்கல" என்றார்.

மெர்சியின் கழுத்தில் ஒரு கட்டி. அறுத்தெடுத்துச் சோதித்தால்தான் அது இன்னது என்று சொல்ல முடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். குரலுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகிறது. கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் மாறலாம். மெர்சி அவர்களுடைய சபையில் பாட்டு நடத்துகிறவள். சின்ன வயதிலிருந்தே அவளைப் பற்றி யார் பேசினாலும் முதலில் அவள் குரலைத்தான் சொல்வார்கள். சண்டைக் காலத்தில் சித்தியோடு இந்தியா வந்தவள், இங்கேயே கல்யாணம் ஆகி, இங்கேயே தங்கிவிட்டாள்.

நான் சுன்னாகத்தில் என் கணவரோடு ஒரு சிறிய பேக்கரி நடத்துகிறேன். தினமும் இரண்டு வேளை ஜெபம் செய்கிறவள்தான். ஆனால் ஜெபம் செய்து முடித்த கையோடு, கடவுளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நானே ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவேன். அந்த மனநிலையில்தான் அண்ணனூரில் இறங்கினேன்.

மெர்சி வாசலில் நின்றிருந்தாள். கட்டிப்பிடித்த மறு நிமிடம் என் பையைத் திறந்து கறித்தூள் பொட்டலத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, எங்கட வீட்டு அடுப்படி மணக்குது" என்றாள். அவள் கழுத்தை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "சாப்பிட வாங்கோ" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நானே கடைக்குப் போனேன். "தம்பி, பாண் இருக்கோ?" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பான் இங்க இல்லக்கா. ஸ்டேசனாண்ட ஒரு சேட்டு கடை கீது, அங்க மடிச்சுக் குடுப்பான்" என்றார். பாணை எதற்கு மடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அங்கே போனால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு! நான் ஊரில் பாண் சுட்டு விற்கிறவள். அதற்கு இந்த ஊரில் பிரெட் என்று பெயராம். கடைசியில் வாங்கி வந்தது இனித்தது. பாணுக்குள் ஏன் சீனி போடுகிறார்கள் என்று ஆரோனிடம் கேட்டேன். அதுதான் பிரெட் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

என் பேச்சைக் கேட்ட எல்லாரும் என்னை மலையாளி என்றே நினைத்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னாக்கா, பாலக்காடா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அப்டீன்னா நம்ம ஆளு! குந்துக்கா" என்று தன் பக்கத்து இருக்கையிலிருந்தவரைப் பின்னால் அனுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். ஒரு வீட்டின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட இடம். எங்கள் தேவாலயத்தில் ஆர்மோனியம் மெதுவாக எழும். நாங்கள் எழுந்து நிற்போம். யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்போம். இங்கே டிரம்ஸ், கீபோர்டு, கஞ்சிரா, கைதட்டல். தகரக் கூரையும் சேர்ந்து அதிர்ந்தது. நான் காதைப் பொத்தலாமா என்று யோசித்தபோது மெர்சி மைக் முன்னால் வந்து பாடத் தொடங்கினாள். அத்தனை சத்தத்துக்கும் மேலே அவள் குரல் தனியாக, வெள்ளிக் கம்பி போல நின்றது. இந்தக் குரலுக்குப் பக்கத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று எனக்குள் ஓடியது. பாட்டு முடியும்வரை என் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் சேரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவள் படுத்து ஓய்வெடுப்பாள் என்று நினைத்தேன். அவள் பூந்தமல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு ஷமீமாவின் மகளுக்குக் கல்யாணம். சேலை எடுக்க மெர்சியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உனக்கென்ன பைத்தியமோ? நாளைக்கு ஆசுபத்திரி, இண்டைக்குச் சேலைக் கடையோ?" என்றேன்.

"ஆபரேஷன் அவற்ற பொறுப்பு அக்கா. சேலை என்ர பொறுப்பு" என்று மேலே ஒரு விரலைக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். நானும் கூடவே போனேன். விட்டுவிட்டு இருக்க முடியவில்லை.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஷமீமா ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். மெர்சி விலை பேசினாள். என்னிடம் யாழ்ப்பாணத் தமிழ், கடைக்காரரிடம் "இன்னாண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம், பாத்துக் குடுண்ணே" என்று சென்னைத் தமிழ். ஒரே வாயில் இரண்டு ஊர். மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலையை எடுத்து முடித்த பிறகு, ஷமீமா எங்களைப் பிரியாணி சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார். எங்கள் ஊர்ப் புரியாணியில் முந்திரியும், பிளம்ஸ் என்று நாங்கள் சொல்லும் உலர்ந்த திராட்சையும் இருக்கும். இங்கே பக்கத்தில் கத்தரிக்காய்க் கூட்டு ஒன்று வைக்கிறார்கள். முதலில் ஒதுக்கி வைத்தேன். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

திரும்பி வரும் பேருந்தில் ஷமீமா சேலைப் பையை மடியில் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். மெர்சி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அக்கா, எனக்குப் பயமாயிருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ இவ்வளவு நாளும் சிரிச்சுக்கொண்டுதானே திரிஞ்சனீ?"

"சிரிச்சாப் பயமில்லையெண்டு அர்த்தமோ? ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, 'ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு' எண்டுதான் முதல்ல சொல்லுறன். அவரிட்டச் சொன்னாப் பிறகு சமைக்கலாம், சேலை எடுக்கலாம். சொல்லாட்டி ஒண்டும் ஓடாது."

"நம்பிக்கை இருக்கிறவைக்குப் பயம் வராதெல்லே?"

"ஆர் சொன்னது? நீங்கள் அம்மாவை நம்பித்தானே இருட்டில அம்மாவின்ர கையைப் பிடிச்சனீங்கள்? பயமில்லாட்டிக் கையை ஏன் பிடிக்கிறீங்கள்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆவடி வரும்வரை விடவில்லை.

மருத்துவமனை வேலப்பன்சாவடிப் பக்கம். சேர்த்த அன்று மெர்சியோடு நான் தங்கினேன். மறுநாள் காலையில் மருத்துவர் வந்து, அறுவை சிகிச்சை பிற்பகலில்தான் என்றார். ஆரோன் ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ. அவரை அவளுக்குத் துணையாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். நேரம் தாராளமாக இருந்தது.

சமைத்தாயிற்று. அண்ணனூரில் ரயிலேறினேன். அடுத்த நிலையம் ஆவடி. அங்கே இறங்கிப் பூந்தமல்லி பேருந்து பிடிக்க வேண்டும். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. இந்தச் சின்ன இடைவெளியில் ஜெபம் செய்துவிடலாம் என்று கண்ணை மூடினேன். மருத்துவருடைய கை நடுங்கக்கூடாது, மயக்க மருந்து ஒத்துக்கொள்ள வேண்டும், நரம்பில் கத்தி படக்கூடாது, இரத்தம் அதிகம் போகக்கூடாது. ஒவ்வொன்றாக ஆண்டவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். நான் சொல்லாவிட்டால் அவர் எதையாவது மறந்துவிடுவார் என்பது போல.

கைப்பேசி அடித்துக் கண்ணைத் திறந்தேன். ஆரோன். "அக்கா, முன்னாடியே கூட்டினு பூட்டாங்க. இப்பத்தான் உள்ள போனா. நீங்க எங்க கீறீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பம்பட்டு என்று பலகை ஓடி வந்தது.

இறங்கி நடைமேடையில் நின்றேன். ஒரு நீண்ட பெஞ்சில் டிபன் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து, "இன்னாக்கா, எங்க போவணும்?" என்றார்.

"ஆவடி."

"ஆவடியா? அது எப்பவோ பூட்ச்சே! தூங்கிட்டியா?"

"இல்லை. ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தனான்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நடைமேடையே திரும்பிப் பார்த்தது. "அப்போ உங்க சாமிதான் ஒன்ன இங்க இட்டாந்து வுட்டுகீறாரு" என்றார். நான் அழத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்தி, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அவர் பெயர் தேவகி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. அடுத்த ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிக்னல் கோளாறாம், சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கு நேரமாகும் என்றார். வெளியே போய் ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். ரயில்வே கேட் பக்கம் எல்லாம் வண்டி நிற்கிறது, அதைவிட இங்கேயே இருப்பது மேல் என்றார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள டாக்டர் கீறாரு. வெளிய புருசங்காரரு கீறாரு. நீ போயி இன்னாக்கா பண்ணப் போறே?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். "துன்னியா எதுனா?"

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாத்திரத்தைத் திறந்தேன். தேவகி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, எடியாப்பத்துக்குப் போயி மோர ஊத்துறே?" என்றார். மோரில்லை, தேங்காய்ப் பாலில் செய்த சொதி என்றேன். மூடியில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளிப்பு கம்மி. ஆனா சோக்கா கீது" என்றார். தன் டிபனிலிருந்து கருவாட்டுத் தொக்கை என் பக்கம் தள்ளினார். சொதிக்கும் கருவாட்டுத் தொக்குக்கும் பொருத்தமே இல்லை. இருவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தேன். வண்டி வரவில்லை. பேசக்கூட ஒருவருமில்லை, தேவகி யாருடனோ கைப்பேசியில் ஷிப்டு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் கொத்தமல்லி அவித்தபடியே ஜெபிக்கிறவள் நான். இப்போது அவிக்க ஒன்றும் இல்லை. ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் எதுவும் மிச்சமில்லை. ரயிலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

"ஆண்டவரே, நான் வேப்பம்பட்டில் இருக்கிறேன். அவள் உம்மிடம் இருக்கிறாள்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கேட்பதற்கு வேறொன்றும் தோன்றவில்லை. சும்மா அவரோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்படியில் வேலையாக இருக்கும்போது நாங்கள் பேசாமல் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்போமே, அப்படி. எத்தனையோ வருடமாக அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவரோடு இருந்தது இதுதான் முதல் தடவை என்று பட்டது. பயம் போகவில்லை. ஆனால் அதை நான் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கவில்லை.

வண்டி வந்ததும் தேவகிதான் என்னை ஆவடியில் இறக்கிவிட்டார். "கண்ண மூடாத, நேராப் பாத்துகினே போ" என்று கதவருகே நின்று கத்தினார். நான் கையை ஆட்டினேன்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லியிருந்தார்கள். ஆரோன் சுவரில் சாய்ந்து நின்றார். மீதியிருந்த இடியப்பத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியது.

மாலையில் மெர்சியைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கட்டு. வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. மறுபடியும் உதட்டை அசைத்தாள். குனிந்து பார்த்து, பசிக்கிறது என்கிறாள் என்று கண்டுபிடித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

"நரம்புக்குச் சேதமில்லை, வீங்கியிருக்கு. குரல் வந்துடும்" என்றார் மருத்துவர். "ஆனா பழைய உச்சத்துக்குப் போகுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லாத கட்டி. ஆரோன் கைப்பேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஷமீமா படியேறி ஓடிவந்து மெர்சியின் நெற்றியில் முத்தமிட்டு, கையேந்தி அல்லாவுக்கு நன்றி சொன்னார். மெர்சிக்குக் கொஞ்சம் குரல் வரத் தொடங்கியிருந்தது. மணலில் செருப்பு இழுபடுவது போன்ற ஒரு குரல். தொலைபேசியில் பேசிய யாரோ அவளை "சார்" என்று கூப்பிட்டார்கள். அவளே அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் ஒரு காலையில், அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டே அவள் பாடிப் பார்த்ததை நான் கேட்டேன். உயரப் போகும் இடத்தில் குரல் அறுந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி அறுந்தது. நான் உள்ளே போனபோது கழுநீரில் கையை வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன்.

"திருப்பித் தாங்கோ எண்டு கேட்டனான் அக்கா. ஒண்டும் சொல்லுறார் இல்லை" என்றாள்.

"அவரோட கோவமோ?"

"கொஞ்சம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோவமெண்டாலும் அவரோடதானே கதைக்கிறன். வேற ஆரோட கதைக்கிறது?" என்று சொல்லி, அரிசியை வடித்து உலையில் போட்டாள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வந்த ஞாயிறு. பேசலாம், கத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாஸ்டர் மெர்சியின் பெயரைச் சொல்லவில்லை. வேறொரு பெண்ணைப் பாடக் கூப்பிட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். மெர்சி எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். கீபோர்டு வாசிப்பவர் பழைய சுருதியைத் தொட்டார். அவள் தலையசைத்து, கையைக் கீழே கீழே என்று காட்டினாள். அவர் இறக்கினார். இன்னும் என்றாள். இன்னும் இறக்கினார்.

அந்தக் கரகரத்த குரலில் அவள் முதல் வரியைப் பாடினாள். அழகு என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வரியில் எனக்குப் பின்னால் ஏதோ எழும்பியது. முதலில் என்னவென்று புரியவில்லை. மூன்றாவது வரியில் திரும்பிப் பார்த்தேன்.

ஆண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சபையின் பின் பக்கம் முழுவதும். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பணிமனைக்காரர்கள். கண்ணை மூடி, தொண்டையைத் திறந்து, தகரக் கூரை நடுங்கப் பாடினார்கள்.

பின்னாலிருந்து ஆரோன் என் பக்கம் குனிந்தார். "அவ எடுக்குற சுருதிக்கு எங்களால போவவே முடியாதுக்கா. சும்மா வாய அசைச்சிகினு நின்னுடுவோம். இத்தினி வருசம் கழிச்சு இப்பத்தான் எட்டுது" என்றார். சொல்லிவிட்டு அவரும் பாடத் தொடங்கினார். சுருதியும் இல்லை, வார்த்தையும் சரியில்லை. சத்தம் மட்டும் இருந்தது.

மெர்சி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கினாள். கணவரைப் பார்த்தாள். சிரிப்பில் அவளால் அடுத்த வரியைப் பாட முடியவில்லை. மைக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். பாட்டு அவளில்லாமலே போய்க்கொண்டிருந்தது.